கேஷுவால்டிக்கு வருகிறவரை பீடி, சிகரெட்டிலிருந்து மீட்பது: நடைமுறையில் எப்படி?

அவசரப்பிரிவு டாக்டர்

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் வேலை செய்கிறவர்களுக்காக இந்த இழை. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, ஆறாத கால் புண், விபத்து என்று எதற்கு வந்தாலும், புகைக்கிறவர் என்று தெரிந்தால் கேஸ் ஷீட்டில் 'ஸ்மோக்கர்' என்று எழுதுகிறோம். அனுப்பும்போது "இனிமே தொடக்கூடாது" என்கிறோம். கேட்டைத் தாண்டினால் டீக்கடை. கடைசி பீடி குடித்துப் பல மணி நேரம் ஆகியிருக்கும். புகையிலையில் ஏக்கத்தை உண்டாக்கும் நிகோட்டின், இரத்தத்தில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் பொருள். ஆக, நம்மிடம் படுத்திருக்கும்போதே அவருக்கு ஏக்கம் தொடங்கிவிடுகிறது. அந்த நிலையில் வெறும் அறிவுரை டீக்கடை வரைகூடத் தாங்காது.

நான் வற்புறுத்துவது இதுதான்: முதல் நிகோட்டின் கம்மோ (மெல்லும் மருந்து) பேட்சோ (தோலில் ஒட்டும் மருந்து) நம் வார்டிலேயே தொடங்க வேண்டும், மீதியைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகக் குழு 778 பேரிடம் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு வேலைகள் செய்தார்கள்: சிறு உரையாடல், 6 வாரத்துக்கான பேட்சும் கம்மும், குவிட்லைனில் (புகையை விட உதவும் போன் சேவை) பெயர் சேர்ப்பு, சில நாளில் ஒரு போன். பேட்சை அவசரப் பிரிவிலேயே தொடங்கினார்கள். 3 மாதத்தில் விட்டிருந்தவர்கள் 12.2 சதவீதம், கையேடு மட்டும் வாங்கியவர்களில் 4.9 சதவீதம். பிரிட்டனில் 6 அவசரப் பிரிவுகளில் 2022இல் 972 பேரைச் சேர்த்தார்கள். அங்கே பேச்சும் மின்சிகரெட்டும் கொடுத்தவர்களில், 6 மாதத்தில் விட்டது மூச்சுப் பரிசோதனையில் உறுதியானவர்கள் 7.2 சதவீதம், மற்றவர்களில் 4.1. எண்கள் சிறியவைதான். ஆனால் இவர்கள் யாரும் பழக்கத்தை விடுவதற்காக மருத்துவமனைக்கு வந்தவர்கள் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

எப்போது பேசுவது? சிவப்புப் பகுதியில் (உயிராபத்தில் இருப்பவர்கள்) கூடாது. வலி அடங்காதவர், போதையில் இருப்பவர், மூச்சு வாங்குகிறவர் யாரிடமும் வேண்டாம். மஞ்சள், பச்சைப் பகுதியில் எக்ஸ்ரேக்கோ இரண்டாவது ட்ரோபோனினுக்கோ (மாரடைப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) காத்திருக்கும் இடைவெளிதான் நம் நேரம்.

"கெட்ட பழக்கம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்காதீர்கள். பாதிப் பேர் அதைக் குடியென்று எடுத்துக்கொண்டு "இல்லைங்க" என்பார்கள், மனைவி பக்கத்தில் இருந்தால் நிச்சயமாக. "பீடியா, சிகரெட்டா, ஹான்ஸா, வெத்தலையோட பொகையிலையா? கடைசியா எப்போ?" என்று நேராகக் கேளுங்கள். பிறகு இரண்டே கேள்வி: காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி? ஒரு நாளைக்கு எத்தனை? முதல் கேள்விக்கு 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண், 30 நிமிடத்துக்குள் 2, ஒரு மணி நேரத்துக்குள் 1, அதற்கு மேல் 0. இரண்டாவதில் 10 வரை 0, 20 வரை 1, 30 வரை 2, அதற்கு மேல் 3. கூட்டினால் 3, 4 நடுத்தரம். 5, 6 கடும் அடிமைத்தனம். பீடியின் நீளமும் கனமும் ஊருக்கு ஊர் மாறுவதால் எண்ணிக்கையைவிட முதல் கேள்வியைத்தான் நான் நம்புவேன்.

மற்றவர்கள் சொல்லுங்கள், உங்கள் இடத்தில் எது தடுக்கிறது?

ஸ்டாஃப் நர்ஸ், தென் மாவட்டம்

சார், தடுக்கிறது ஆள் பற்றாக்குறைதான். ராத்திரி ஷிப்டில் ஒரு சிஸ்டர் எத்தனை கட்டில் பார்ப்பது? 15 நிமிடம் உட்கார்ந்து பேச முடியாது. அதனால் வேலையைப் பிரிக்கணும். டிரயேஜில் (வந்ததும் அவசரத்தைத் தரம் பிரிக்கும் இடம்) கேள்வி மட்டும், அரை நிமிடம். டாக்டர் ரவுண்டில் ஒரே வாக்கியம், கூடவே மருந்துச் சீட்டு. முதல் கம்மை எப்படி மெல்லுவது என்று ட்ரிப்ஸ் மாற்றப் போகும்போது நாங்கள் சொல்லிக் கொடுத்துவிடலாம். நீளப் பேச்சு காலையில் கவுன்சலரிடம்.

இன்னொன்று. நாலைந்து மணி நேரத்தில் நோயாளி எரிச்சலாகி, ஊசியைப் பிடுங்கிக்கொண்டு "நான் கெளம்புறேன்" என்பார். உடனே 'சொன்ன பேச்சு கேட்காமல் போய்விட்டார்' என்று எழுதி கையெழுத்து வாங்குகிறோம். அதில் எத்தனை பேர் பீடிக்காகப் போகிறவர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு கம் கொடுத்தால் அரை மணி நேரத்தில் அடங்கிவிடுவார். குடி நிறுத்தியதால் வரும் நடுக்கமா, பீடி நிறுத்தியதால் வரும் எரிச்சலா என்று முதலில் பிரிக்கணும். கை நடுக்கம், வியர்வை, குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் குடிப் பக்கம். அதைப் பீடி என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆக்சிஜன் போட்டிருப்பவரின் தலையணைக்கடியில் தீப்பெட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பாத்ரூமில் பற்ற வைத்தாலும், சட்டையிலும் போர்வையிலும் தங்கிய ஆக்சிஜன் தீயை இழுத்துக்கொள்ளும்.

மருந்தாளுநர்

கம் பலன் தரவில்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அதைச் சூயிங்கம் போல மென்றவர்கள். முறை இது. 10, 15 தடவை மெதுவாக மெல்ல வேண்டும். நாக்கில் மிளகு போலக் காரமோ சுறுசுறுப்போ தெரிந்ததும் மெல்லுவதை நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்லி, வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். இப்படியே அரை மணி நேரம். நிகோட்டின் உள்ளே போவது கன்னத்தின் தோல் வழியாக. வேகமாக மென்று எச்சிலை விழுங்கினால் வயிற்றுக்குப் போய் விக்கல், குமட்டல், நெஞ்செரிச்சல்தான் மிச்சம். வயிற்றிலிருந்து ஏறுவதில் பெரும்பகுதியைக் கல்லீரலே உடைத்துவிடும்.

அடுத்த தவறு டீ, காபி. புளிப்பான வாயில் நிகோட்டின் தோலைத் தாண்டாது. கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிலிருந்து, வாயில் இருக்கும் வரை, காபி, ஜூஸ், சோடா எதுவும் கூடாது. தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் பீடி என்றால் 4 மி.கி., அதற்குப் பிறகு என்றால் 2 மி.கி. இந்தியாவில் 2 மி.கி. கம் சீட்டு இல்லாமல் கிடைக்கும், 4 மி.கி.க்குச் சீட்டு வேண்டும். முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் 2 முதல் 4 மணிக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4 முதல் 8 மணிக்கு ஒன்று. ஏக்கம் வந்த பிறகு தேடாமல் மணிக்கணக்கில் போடுகிறவர்தான் தாக்குப்பிடிக்கிறார். நாளுக்கு 10 என்றால் ஒரு வாரத்துக்கு 70. "ஒரு அட்டை வாங்கிக்கோங்க" என்று எழுதி அனுப்பினால் அது மறுநாளே தீர்ந்துவிடும்.

பேட்ச்: நாளுக்கு 10க்கு மேல் புகைப்பவருக்கு 21 மி.கி. 6 வாரம், 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம். 10 அல்லது குறைவு என்றால் 14 மி.கி.யில் தொடங்கி 6 வாரம், பிறகு 7 மி.கி. 2 வாரம். பேட்ச் இரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் ஆகும். ஒட்டியதும் ஏக்கம் போய்விடும் என்று சொல்லாதீர்கள். பேட்சை ஒட்டிவிட்டு அந்த இடைவெளிக்கு ஒரு கம் கொடுங்கள். ஒன்றை மட்டும் தருவதைவிட இரண்டையும் சேர்த்துத் தருவதில் பலன் கூடுதல் என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம்.

நம் ஊர் வெயிலில் பேட்ச் வியர்வையில் கழன்றுவிடும். மேல்கையின் வெளிப்பக்கத்தில் முடி இல்லாத இடத்தைத் துடைத்து, நன்றாகக் காய விட்டு, உள்ளங்கையால் 10 நொடி அழுத்துங்கள். விளிம்பில் மைக்ரோபோர் ஒட்டலாம். தினமும் இடம் மாற்ற வேண்டும். ராத்திரி கெட்ட கனவு வந்தால் படுக்கும் முன் கழற்றிவிடலாம். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்துப் போட வேண்டும், குழந்தைகள் கைக்குப் போகக்கூடாது. எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பும் முன் கழற்றச் சொல்லுங்கள். சிலவற்றின் பின்பக்கம் உலோகத் தகடு உண்டு, சுட்டுவிடும்.

அவசரப்பிரிவு டாக்டர்

அருமை. ஒன்று சேர்க்கிறேன். நெஞ்சில் ஒட்டவே வேண்டாம். இதயத்துக்கு ஷாக் கொடுக்க வேண்டி வந்தால் பேடுக்கு அடியில் பேட்ச் மாட்டிக்கொள்ளும்.

பயிற்சி டாக்டர்

சார், ஒரு சந்தேகம். மாரடைப்போடு வந்தவருக்கு நிகோட்டின் கொடுக்கலாமா? மருந்து அட்டையில் இரண்டு வாரத்துக்குள் மாரடைப்பு வந்திருந்தால் எச்சரிக்கை என்று போட்டிருக்கிறதே.

இதயநோய்ப் பிரிவு

நியாயமான கேள்வி தம்பி. நிகோட்டின் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம்? ஒரு பீடியில் அதே நிகோட்டின் சில நொடியில் மூளைக்குப் போகிறது. கூடவே கார்பன் மோனாக்சைடு இரத்தத்தின் ஆக்சிஜனைப் பறிக்கிறது, புகை இரத்தத்தட்டுகளை ஒட்ட வைக்கிறது. புதிதாக ஸ்டென்ட் வைத்த குழாய்க்கு அந்த இரண்டும்தான் எமன். கம், பேட்ச் இரண்டிலும் நிகோட்டின் மெதுவாக, குறைவான அளவில் ஏறுகிறது, புகை கிடையாது.

நடைமுறையில்: வலி தொடர்கிறவர், ஆபத்தான துடிப்புக் கோளாறு இருப்பவர், அழுத்தம் நிலையில்லாதவர் ஆகியோருக்கு அந்த மணி நேரத்தில் வேண்டாம். நிலை திரும்பி, ஏக்கத்தால் எழுந்து போகப் பார்க்கிறவருக்கு, இதயநோய் மருத்துவரிடம் சொல்லிவிட்டு 2 மி.கி. கம் அல்லது 14 மி.கி. பேட்சில் தொடங்குங்கள். கொடுக்காமல் விட்டால் அவர் நிகோட்டின் இல்லாமல் இருக்கப் போவதில்லை, மாடிப்படிக்கு அடியில் புகைத்துக்கொண்டிருப்பார்.

நோயாளியிடம் சொல்ல ஒரு கணக்கு: இதய இரத்தக்குழாய் நோய் வந்த பிறகு புகையை விட்டவர்களின் இறப்பு, விடாதவர்களைவிட 36 சதவீதம் குறைவு என்று 2003இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. நாம் ஆயுள் முழுக்க எழுதிக்கொடுக்கும் மாத்திரைகளில் இதற்கு ஈடானவை மிகக் குறைவு. அந்த மாத்திரைகளை மறக்காமல் எழுதுகிறோம், இதை விட்டுவிடுகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

நெஞ்சகநோய் மருத்துவர்

சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) நோயாளிகளைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். நம் ஊரில் இவர்களில் பலர் தியோஃபிலின் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) கலந்த மாத்திரையில் இருப்பவர்கள். புகையிலுள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலில் இந்த மருந்தை உடைக்கும் நொதியைத் தூண்டிவிடுகின்றன. அதனால் புகைப்பவருக்கு அளவு அதிகம் தேவைப்பட்டிருக்கும். புகை நின்றதும் சில நாளிலேயே நொதி குறைந்து, அதே அளவு மாத்திரை நச்சாக மாறலாம்: குமட்டல், வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை, முற்றினால் வலிப்பு. தூண்டுவது தார்தான், நிகோட்டின் இல்லை. எனவே பேட்ச் ஒட்டியிருந்தாலும் இது நடக்கும். டிஸ்சார்ஜ் எழுதும்போதே அளவைக் குறைப்பது பற்றி முடிவெடுங்கள், ஒரு வாரத்தில் வரச் சொல்லுங்கள். மனநல மருந்துகளில் குளோசபின், ஓலன்சபின் இரண்டுக்கும் இதே கதி. குளோசபினில் கவனம் மிக அவசியம், மனநலப் பிரிவுக்குத் தகவல் போக வேண்டும்.

காபியும் அதே வழியில்தான் உடைகிறது. புகையை விட்டவர் பழைய அளவில் டீ, காபி குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அதைப் 'பீடி விட்டதால் வந்த கோளாறு' என்று நினைத்து மறுபடி பற்ற வைப்பார். பாதியாகக் குறைக்கச் சொல்லிவிடுங்கள்.

மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்க்கும் கருவி இருந்தால் பயன்படுத்துங்கள். எண்ணைக் கண்ணால் பார்த்தால் நோயாளி நம்புகிறார். ஆனால் சாதாரணக் காற்றில் அந்த வாயு 4, 5 மணி நேரத்தில் பாதியாகும். ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். ஆக்சிஜனில் இருந்தவருக்கு வெறும் 5 பி.பி.எம்.தான் காட்டியது என்று "நீங்க புகைக்கிறதில்லை போல" என்று முடிவு செய்யாதீர்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரோ இதைக் காட்டவே காட்டாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் அது நல்ல இரத்தமாகவே கணக்கிடும்.

லண்டன் நர்ஸ்

பிரிட்டன் ஆய்வில் கையில் கொடுத்தது வேப் கருவி (மின்சிகரெட்). 15 நிமிடத்துக்குள் அடங்கும் பேச்சு, வேப் தொடக்கப் பெட்டி, உள்ளூர் புகை நிறுத்த சேவைக்குப் பரிந்துரை என்று மூன்றும் சேர்ந்தது. இங்கே அது நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

மருந்தாளுநர்

அக்கா, இந்தியாவில் 2019 சட்டப்படி மின்சிகரெட் விற்பது, இறக்குமதி செய்வது, விளம்பரம் செய்வது எல்லாம் தடை. மருத்துவமனை அதைக் கொடுக்க வழியே இல்லை. அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது, பொருளைக் கையில் கொடுத்து, பயன்படுத்தச் சொல்லித் தந்து, தொடர்பு ஏற்படுத்தும் முறைதான். நிகோட்டின் மாற்று மருந்து 2022 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஸ்டோரில் இல்லை என்றால் இதைச் சொல்லி இண்டெண்ட் (கொள்முதல் கோரிக்கை) போடுங்கள்.

போதை மீட்பு ஆலோசகர்

பேச்சைப் பற்றிக் கொஞ்சம். பயமுறுத்தல் வேண்டாம். அவசரப் பிரிவில் இருக்கிறவர் ஏற்கெனவே பயந்துதான் இருக்கிறார். மேலும் பயமுறுத்தினால், பயத்தைத் தணிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி பீடி. இன்றைய நோயோடு இணைத்து ஒரே வாக்கியம் போதும்: "ஐயா, இந்த வலி அடங்கறதுக்கு நாங்க மருந்து குடுக்கிறோம். திரும்ப வராம இருக்க பீடிய நிறுத்தணும். அதுக்கும் மருந்து இருக்கு, இப்பவே ஆரம்பிக்கலாமா?" இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். "விடத் தயாரா?" என்று கேட்டால் "யோசிச்சுச் சொல்றேன்" என்பார். "மருந்து ஆரம்பிக்கலாமா?" என்றால் பெரும்பாலும் தலையாட்டுவார்.

கூட இருப்பவரையும் பிடியுங்கள். டிபன் வாங்கப் போகும் மச்சானோ மகனோதான் சட்டைப்பையில் கட்டோடு திரும்புகிறவர். "அவர் கேட்டாலும் வாங்கிக் குடுக்காதீங்க, பக்கத்துல நின்னு நீங்களும் குடிக்காதீங்க" என்று நேராகச் சொல்லுங்கள். மனைவி முன்னால் நோயாளியைத் திட்டாதீர்கள். வீட்டுக்குப் போய் அது சண்டையாகும், சண்டை பீடியாகும்.

ஏக்கமும் எரிச்சலும் 2, 3ஆம் நாளில் உச்சத்துக்குப் போய், 2 முதல் 4 வாரத்தில் தணியும். அதனால் 3ஆம் நாள் போன் செய்வது மிக முக்கியம். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடம்தான் நிற்கும், அதைத் தாண்டும் வழியைக் கையில் கொடுங்கள்: தண்ணீர், கம், இடத்தை விட்டு நகர்வது.

புகையை விட உதவும் மாத்திரையான புப்ரோபியான் எழுதுகிறவர்கள் கவனிக்கவும். வலிப்பு வந்தவர், தலையில் அடிபட்டவர், திடீரெனக் குடியை நிறுத்தியவர் ஆகியோருக்குக் கூடாது. அவசரப் பிரிவில் பாதிப் பேர் இந்த வகை. வாரெனிக்ளின் நல்ல மருந்து: 3 நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, 4 முதல் 7ஆம் நாள் வரை இரு வேளை, பிறகு 1 மி.கி. இரு வேளை, மொத்தம் 12 வாரம். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு எடுத்தால் குமட்டல் குறையும்; சிறுநீரகம் கெட்டவருக்கு அளவு குறைக்க வேண்டும். ஆனால் அது வேலை செய்யத் தொடங்க ஒரு வாரம் ஆகும். இன்றிரவைத் தாண்ட கம்தான்.

யாழ் தாதி

இலங்கையிலும் இதே நிலைதான். விபத்துப் பிரிவில கேட்கிறம், எழுதுறம், அதோட சரி. இஞ்ச 1948 எண்டது புகையிலைக்கான இலவச ஆலோசனை இலக்கம். நாலே எண் எண்டபடியால் வயது போன ஆக்களுக்கும் மனதில நிற்கும். டிஸ்சார்ஜ் துண்டில கையால எழுதிக் குடுக்காமல், அவையின்ர போனிலேயே பதிஞ்சு குடுத்தால் நல்லம்.

ஆர்த்தோ பி.ஜி.

எலும்பு முறிவோடு வருகிறவர்களுக்கு? ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றில் இருப்பவர் கம் போடலாமா?

அவசரப்பிரிவு டாக்டர்

வெறும் வயிற்றில் இருப்பவருக்குப் பேட்ச் போதும், மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தாடை உடைந்தவர், வாயில் தையல் போட்டவர், ஆடும் பல்செட் வைத்திருப்பவர் ஆகியோருக்கும் பேட்ச்தான். புகைத்தால் எலும்பு கூடத் தாமதமாகும், காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் அதிகம். விபத்து நோயாளியிடம் "எலும்பு சீக்கிரம் கூடணும்னா" என்று தொடங்கினால் உடனே காது கொடுப்பார். நுண்குழாய் இணைத்துத் தசை மாற்றி வைக்கும் அறுவையாக இருந்தால், நிகோட்டின் தொடங்கும் முன் பிளாஸ்டிக் சர்ஜனிடம் கேளுங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ், தென் மாவட்டம்

ஹான்ஸ் வைக்கிறவர்களுக்கும் கம் சரிதானே? அவர்கள் ஒதுக்கி வைத்துப் பழகியவர்கள்.

மருந்தாளுநர்

ஒதுக்குவது தெரியும் என்பதால் முறையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் சாற்றைத் துப்பும் பழக்கம் இருக்கும். கம்மில் துப்பினால் மருந்தும் போய்விடும். எப்போதும் ஒரே இடத்தில் ஒதுக்குகிறவரானால் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்கச் சிரமம் எதைக் கண்டாலும் பல் மருத்துவப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

அவசரப்பிரிவு டாக்டர்

கேட்டவர்களுக்காக, டிஸ்சார்ஜ் சீட்டோடு பின் செய்யும் அரைத்தாளின் வாசகம் கீழே. பெரிய எழுத்தில் அச்சடித்து, கோடிட்ட இடத்தை நிரப்பிக் கொடுக்கலாம்.

கடைசியாகப் புகைத்த நேரம்: ______
கம் ____ மி.கி.: விழித்திருக்கும்போது ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று. மெல்லு, காரம் வந்ததும் ஒதுக்கு, அரை மணி. அதற்கு முன் 15 நிமிடம் டீ, காபி இல்லை.
பேட்ச் ____ மி.கி.: காலையில் புதிது, வேறு இடத்தில்.
ஒன்று புகைத்துவிட்டாலும் மருந்தை நிறுத்த வேண்டாம். மிச்சக் கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தொடரவும்.
நெஞ்சுவலி, படபடப்பு, நிற்காத வாந்தி வந்தால் பேட்சைக் கழற்றிவிட்டு 108.
இலவச ஆலோசனை: 1800-11-2356, காலை 8 முதல் இரவு 8 வரை.
3ஆம் நாள் நாங்கள் அழைக்கும் எண்: ______

அந்த 1800 எண் 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட், பீடிக் கட்டுகளின் மேலேயே அச்சாகிறது, தமிழிலும் பேசுவார்கள். நாம் அனுப்பும் நேரம் இரவு 11 மணியாக இருந்தால், காலையில் அழைக்கும்படி கூட இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

பயிற்சி டாக்டர்

எதுவுமே வேண்டாம் என்று மறுப்பவரை என்ன செய்வது சார்?

போதை மீட்பு ஆலோசகர்

வாதாட வேண்டாம் தம்பி. "சரிங்க, வார்டில் இருக்கிற வரைக்கும் பீடி இல்லாம சமாளிக்க இதை வெச்சுக்கங்க" என்று 4, 5 கம்மும் அந்தத் தாளும் கொடுங்கள். கேஸ் ஷீட்டில் 'மறுத்தார்' என்பதோடு 'கம் கொடுத்தது, முறை சொன்னது' என்றும் எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது பார்க்கிற டாக்டர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. "போன தடவை கம் போட்டுப் பாத்தீங்களா, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுத் தொடங்கலாம்.